உருதுவா, ஆங்கிலமா? பாகிஸ்தானில் முடிவுறாத ஒரு வழக்கு

1948 மார்ச் 21ஆம் திகதி டாக்காவில் திரண்டிருந்த பெருங்கூட்டத்தின் முன் பாகிஸ்தானின் ஆளுநர் நாயகம் முகம்மது அலி ஜின்னா உரையாற்றினார். நாட்டின் அரச மொழி உருது ஒன்றே என்பது அவரது பிரகடனம். அதை அவர் ஆங்கிலத்திலேயே செய்தார். பாகிஸ்தானின் மொழி வரலாறு முழுவதும் இந்த முரண்பாட்டுக்குள் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

நவீன அறிவைச் சுமக்க உருதுவுக்கு ஆற்றலில்லை என்ற வாதம் அடிக்கடி எழுவதுண்டு. வரலாறு அதை ஏற்கவில்லை. நிஜாமின் ஹைதராபாத்தில் 1918இல் தோன்றிய உஸ்மானியாப் பல்கலைக்கழகம் மருத்துவத்தையும் சட்டத்தையும் விஞ்ஞானத்தையும் உருதுவிலேயே போதித்தது. நூல்களை மொழிபெயர்ப்பதற்கும் கலைச்சொற்களை ஆக்குவதற்கும் அங்கே தனிப் பணியகம் இயங்கியது. 1948இல் ஹைதராபாத் இந்தியாவுடன் இணைக்கப்பட்டதன் பின்னரே அந்நிலை மாறியது.

ஆகவே, பாகிஸ்தானில் உருது பின்தங்கியதற்கான காரணத்தை மொழியில் அல்ல, அதிகாரத்திலேயே தேட வேண்டும். பிரித்தானியர் விட்டுச் சென்ற சிவில் சேவை, இராணுவம், உயர் நீதிமன்றம் ஆகிய மூன்றும் ஆங்கிலத்தில் இயங்கின. அவற்றில் அமர்ந்திருந்தோருக்கு அம்மொழியே பரம்பரைச் சொத்து.

அரசியல் யாப்புகள் தவணை கேட்டுக்கொண்டே இருந்தன. 1956ஆம் ஆண்டு யாப்பு உருதுவையும் வங்காளத்தையும் அரச மொழிகளாக்கியது. ஆங்கிலத்துக்கு இருபது ஆண்டுகள் இடமளித்தது. வங்காளத்துக்கு அந்த இடம் சும்மா கிடைக்கவில்லை. 1952 பெப்ரவரி 21இல் டாக்காவில் மாணவர்கள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். 1971இல் கிழக்குப் பாகிஸ்தான் பிரிந்தது. 1973ஆம் ஆண்டு யாப்பின் 251ஆவது உறுப்புரை, பதினைந்து ஆண்டுகளுக்குள் உருதுவை அரசகரும மொழியாக்கும் ஏற்பாடுகளைச் செய்யுமாறு பணித்தது. 1988இல் அத்தவணையும் கழிந்தது.

இடையில் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் ஸியா உல் ஹக், உருதுவை வளர்க்க 1979இல் தேசிய மொழி அதிகார சபையை நிறுவினார். பாடசாலைகளை உருது மொழிமூலத்துக்கு மாற்றவும் முனைந்தார். சாதாரண அரசாங்கப் பாடசாலைகளே அதற்கு ஆட்பட்டன. வசதி படைத்தோரின் பிள்ளைகள் பயின்ற கல்லூரிகளில் ஆங்கிலம் அசையவில்லை.

2015 செப்டெம்பர் 8ஆம் திகதி, ஓய்வு பெறுவதற்கு முந்தின நாள், பிரதம நீதியரசர் ஜவாத் கவாஜா 251ஆவது உறுப்புரையைத் தாமதமின்றி நடைமுறைப்படுத்துமாறு தீர்ப்பளித்தார். உருதுவில் எழுதப்பட்ட தீர்ப்பு அது. ஆயினும் சட்டவாக்கமும் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே தொடர்கின்றன.

இன்னொரு கோணமும் உண்டு. பாகிஸ்தானில் உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. பஞ்சாபி, பஷ்தூ, சிந்தி, பலூச்சி பேசுவோருக்கு உருதுவும் கற்றுக்கொள்ள வேண்டிய மொழியே. சிந்து மாகாண சபை 1972இல் சிந்தி மொழிச் சட்டத்தை நிறைவேற்றியபோது கராச்சியில் கலவரம் வெடித்து உயிர்கள் பலியாகின. ஆங்கிலத்தின் முன் தாழ்ந்து நின்ற உருது, சிந்திக்காரனின் கண்ணில் ஆதிக்க மொழியாகத் தெரிந்தது.

ஒரு மொழியை மேடையில் போற்றிவிட்டுத் தம் பிள்ளைகளை இன்னொரு மொழியில் படிக்கவைக்கும் தலைவர்கள் பாகிஸ்தானுக்கு மட்டும் உரியவர்கள் அல்லர். இலங்கைத் தமிழனாகிய எனக்கு அவர்களை அடையாளம் காண்பதில் சிரமமேதும் இல்லை. மொழிச் சண்டையில் எம்மொழி வென்றது என்பதைவிட, தன் காணி வழக்கின் தீர்ப்பைத் தானே வாசித்தறிய ஒரு விவசாயியால் முடிகிறதா என்பதே முக்கியம். லாகூரில் இன்றும் அதற்கு ஒரு வக்கீல் தேவைப்படுகிறார்.