முற்றம்: ஒரு சொல், ஒரு வெளி, ஒரு விடுதி

திண்டுக்கல்லில் இன்று கட்டப்படும் வீடு எதன் வரைபடத்தையும் விரித்துப் பாருங்கள். படிக்கட்டுக்குப் பக்கத்திலோ சமையலறைக்குப் பின்னாலோ சின்னதாக ஒரு கட்டம் இருக்கும். அதற்குள் ‘ஓ.டி.எஸ்.’ என்று எழுதியிருப்பார்கள். ‘ஓப்பன் டு ஸ்கை’ என்பதன் சுருக்கம் அது. கூரை போடாமல் வானத்துக்கு விட்ட இடம். மேஸ்திரியும் கொத்தனாரும் அந்தச் சுருக்கத்தைத் தமிழ்ச்சொல் போலவே புழங்குகிறார்கள். குளியலறைச் சன்னலுக்கு வெளிச்சம் தருவதும் தண்ணீர்க் குழாய்களை மறைப்பதும்தான் இப்போது அதன் வேலை.

இந்த இடத்துக்குச் சங்க காலத்திலிருந்து நம்மிடம் ஒரு பெயர் இருக்கிறது. முற்றம். வீட்டில் அதன் அளவு குறையக் குறையப் பெயரும் உதிர்ந்துவிட்டது. ஆனால் காரைக்குடியிலும் புதுச்சேரியிலும் பழைய வீடுகளைச் சிறு விடுதிகளாக மாற்றியவர்கள் இதே முற்றத்தைத்தான் முதல் சிறப்பாகக் காட்டி விருந்தினரை அழைக்கிறார்கள். ‘கோர்ட்யார்ட் உண்டு, திறந்தவெளியில் சாப்பாடு உண்டு’ என்பதற்காகவே கூடுதல் வாடகை கொடுக்கிறோம். கொடுத்த பணத்துக்குக் கிடைப்பது முற்றம்தானா என்று எடைபோட, அந்தச் சொல் எதையெல்லாம் சுமந்து வந்திருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முற்றத்துக்கு மூத்த உறவு ஒன்று உண்டு. முன்றில். பள்ளியில் இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாகப் படித்திருப்போம். இல்லத்தின் முன் என்ற பொருளில் ‘இல்முன்’ என வரவேண்டியது முன்பின்னாக மாறி ‘முன்றில்’ ஆயிற்று. முன், இல் இரண்டும் சேரும்போது நடுவில் றகரம் தோன்றுவதற்குத் தொல்காப்பியம் தனியாக ஒரு விதியே வைத்திருக்கிறது. அதைப் பழைய வழக்கில் மருவி வந்த மரபு என்றும் சொல்கிறது. தொல்காப்பியருக்கே அது பழைய சொல்! தெலுங்கில் வீட்டுமுன் வெளியை இன்றும் ‘முங்கிலி’ என்கிறார்கள். தமிழில் அது பேச்சிலிருந்து போய் ஏட்டில் தங்கிவிட்டது. எழுத்தாளர் ம. அரங்கநாதன் தாம் நடத்திய இலக்கிய இதழுக்கு ‘முன்றில்’ என்று பெயர் வைத்து அதற்குக் கொஞ்ச காலம் உயிர் கொடுத்தார்.

முன்றில் வீட்டுக்கு வெளியே இருப்பது. அப்படியானால் முற்றம்? நெடுநல்வாடை இதற்கு நல்ல சான்று. நக்கீரர் அதில் பாண்டியன் அரண்மனைக்குள் நம்மைப் படிப்படியாக அழைத்துப் போகிறார். முதலில் வருவது வாயிற்பக்கத்து முற்றம். வேறிடத்திலிருந்து கொண்டுவந்த மணலைப் பரப்பிய வெளி அது. கவரிமாவும் குறுங்கால் அன்னமும் அங்கே துள்ளித் திரிகின்றன. சில அடிகள் தாண்டினால் இன்னொரு முற்றம். நிலவின் பயனைத் துய்ப்பதற்கென்றே அமைந்த வெண்மையான நெடிய வெளி. அங்கே மகரமீன் வாய் பிளந்தாற்போலச் செய்த தூம்பு வழியாக மழைநீர் அருவிபோல் இறங்குகிறது. ஒரே பாட்டுக்குள் ஒரே சொல் முன்வெளிக்கும் நிலாவெளிக்கும் நிற்கிறது. இரண்டுக்கும் பொது, மேலே மூடாத வானம். அந்த வானத்தோடு மணல், நிலவு, மழைத் தூம்பு என்று முற்றத்தின் சாமான்கள் எல்லாவற்றையும் நக்கீரர் அப்போதே கணக்கெடுத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

சொல்லின் வேர் பற்றி இரண்டு வழியில் யோசிக்கலாம். ‘முற்று’ என்றால் சூழ்தல். முற்றுகை அதிலிருந்து வந்தது. நான்கு பக்கமும் அறைகள் சூழ்ந்த நடுவெளிக்கு அது அழகாகப் பொருந்தும். ஆனால் மணல் பரப்பிய வாயில்வெளிக்குப் பொருந்தாது. மலையாளத்தில் முற்றம் என்றால் இன்றும் வீட்டின் முன்வெளிதான், ஈழத்திலும் அப்படியே. அதனால் ‘முன்’ என்ற வேரே மூத்தது என்பது என் தீர்ப்பு. முன்னால் கிடந்த வெளி, வீடு பெருத்தபோது உள்ளே நுழைந்தது. பெயரும் கூடவே நுழைந்தது.

உள்ளே வந்த முற்றத்துக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர்கள். செட்டிநாட்டில் நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதி ‘வளவு’. கொங்கு நாட்டில் அது ‘தொட்டி’. அப்படிப்பட்ட வீடு தொட்டிக்கட்டு வீடு. கன்னடத்திலும் ‘தொட்டி மனெ’ என்றே சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ‘நாற்சார் வீடு’, கேரளத்தில் ‘நாலுகெட்டு’. திண்டுக்கல் சமவெளி இந்த வழக்குகள் சந்திக்கும் நாற்சந்தி. மேற்கே ஒட்டன்சத்திரம், பழனி தாண்டினால் கொங்கு. கிழக்கே நத்தம் வழியாகப் போனால் செட்டிநாடு. தெற்கே நிலக்கோட்டையிலிருந்து மதுரைப் பேச்சு. நடுவே இருக்கும் ஊர்களில் கோலம் போடும் முன்வெளியை ‘வாசல்’ என்ற சொல் எடுத்துக்கொண்டது. வாசல் தெளிப்பது என்றுதான் சொல்கிறோம், முற்றம் தெளிப்பது என்று சொல்வதில்லை. முற்றம் உள்வெளிக்கு ஒதுங்கி, பேச்சில் ‘முத்தம்’ ஆயிற்று. திண்ணை, நடை, பட்டாசாலை, முத்தம், அடுப்படி என்று ஒரு பாட்டி வீட்டை வரிசையாகச் சொன்னால், கேட்பவர் மனத்திலேயே வரைபடம் விழுந்துவிடும்.

இங்கே இன்னொரு சொல்லையும் பார்க்க வேண்டும். அங்கணம். வடமொழியில் அங்கண என்றால் முற்றம். இந்தியில் ஆங்கன், அங்கே வீட்டின் இதயம் அது. தமிழுக்கு வந்தபோது அதே சொல் கழிவுநீர் ஓடும் இடத்துக்கு இறங்கியது. அமிழ்தம் கொட்டி வீணாகும் அழுக்கு இடமாகவே 720ஆம் குறள் அதைக் காட்டுகிறது. மதுரை, திண்டுக்கல் பக்கத்து வீடுகளில் பாத்திரம் துலக்கும் மூலை இன்றும் அங்கணம்தான். முற்றம் என்ற நல்ல சொல் ஏற்கனவே இருந்ததால் வந்த சொல்லுக்கு முற்றத்தின் ஓரத்துச் சாக்கடை கிடைத்தது என்று நினைக்கிறேன். எப்படியானாலும், தண்ணீர் வெளியேறும் வழி இல்லாமல் முற்றம் இல்லை என்பதை இந்த இணை நினைவூட்டுகிறது.

முற்றம் வேலை செய்யும் விதம் எளிமையானது. இரவில் திறந்த தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, ஆகவே கீழே இறங்கித் தாழ்வாரங்களிலும் அறைகளிலும் தேங்குகிறது. பகலில் முற்றத்துக் காற்று சூடேறி மேலே போக, அந்த இடத்தை நிரப்ப வாசல் வழியாகக் காற்று உள்ளே இழுபடுகிறது. தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் தாழ இறங்கிய ஓட்டுக் கூரையும் இதற்குத் துணை. முற்றத்தின் தரை சுற்றிலும் உள்ள தாழ்வாரத்தைவிடப் பள்ளமாக இருப்பதும், ஒரு மூலைக்குச் சரிவாக ஓடுவதும் மழைக்காக. செட்டிநாட்டில் கூரைத் தண்ணீரை மூலையில் வைத்த கிடாரத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடித்துப் பெய்து மற்ற மாதங்களில் காய்கிற சீமைக்கு இதைவிடப் பொருத்தமான கட்டட அறிவு இல்லை. மேலே கண்ணாடி போட்டு மூடினால் நடப்பது நேர் எதிர்: வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது, பிறகு குளிரூட்டி இல்லாமல் உட்கார முடியாது.

வீட்டுக்கு முற்றம் போல ஊருக்கு மன்றம். சங்க காலத்தில் மரத்தடியில் ஊரார் கூடும் திறந்த வெளி அது. இன்று நீதிமன்றம், சட்டமன்றம் என்று கூரைக்கு அடியில் போய்விட்டது. ஆங்கிலக் ‘கோர்ட்’டும் அதே வழியில் நடந்த சொல். இலத்தீனில் வேலியிட்ட முற்றத்தைக் குறித்த சொல்லிலிருந்துதான் ‘கோர்ட்யார்ட்’, நீதி வழங்கும் ‘கோர்ட்’ இரண்டும் வந்தன. தஞ்சாவூர் விளார் சாலையில் 2013இல் எழுந்த நினைவிடத்துக்கு முள்ளிவாய்க்கால் முற்றம் என்று பெயர் வைத்தபோது, வீட்டுச் சொல் பலரும் கூடித் துக்கப்படும் பொதுவெளிக்கு மறுபடி வந்து சேர்ந்தது.

இனி விடுதிக்கு வருவோம். வழிப்போக்கர் தங்குமிடத்துக்குச் சத்திரம், சாவடி, விடுதி என்று பெயர்கள். மங்கம்மாள் பெயர் சொன்னால் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள சத்திரம் நினைவுக்கு வரும். 1689இல் ஆட்சிப் பொறுப்பேற்ற அந்த அரசியை இந்தப் பக்கத்து மக்கள் சாலைக்கும் சத்திரத்துக்கும்தான் இன்னும் நினைக்கிறார்கள். முற்றமும் அதைச் சுற்றிப் படுக்கத் தாழ்வாரமுமாகச் சத்திரம் கட்டுவது பழைய வழக்கம். இன்றைய சிறு விடுதி அந்த வழியில் வந்ததுதான். ‘ஓட்டல்’ என்ற சொல் மட்டும் நம்மிடம் வேறு பாதையில் போயிற்று. பிரெஞ்சில் ஓத்தெல் என்றால் பெரிய மாளிகை, பிறகு தங்கும் இடம். தமிழில் படுக்கையை விட்டு இலையைப் பிடித்துக்கொண்டது. நாகசாமி நாயுடு 1957இல் திண்டுக்கல்லில் தொடங்கியது ‘ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல்’. அவருடைய தலைப்பாகையால் அது தலப்பாக்கட்டி ஆனது. இந்த ஊரில் ஓட்டல் என்றால் சீரகச் சம்பா மணக்க வேண்டும். தங்குவதற்கு லாட்ஜ்.

அந்த லாட்ஜுக்கு மாற்றாகத்தான் ‘புட்டிக் ஓட்டல்’ வந்தது. நியூயார்க்கில் 1984இல் திறந்த மோர்கன்ஸ் விடுதியோடு பரவிய பெயர். புட்டிக் என்றால் சிறுகடை; சில அறைகள், தனி முகம், பெயர் சொல்லி விசாரிக்கும் கவனிப்பு. நம் பக்கத்தில் இதைப் பழைய வீடுகளே செய்தன. காரைக்குடியில் ‘தி பங்களா’ ஒரு குடும்பத்தின் விருந்தினர் மாளிகையாக இருந்து விடுதியானது. அங்கே சாப்பாடு வாழை இலையில். கானாடுகாத்தானில் ‘விசாலம்’, தந்தை ஒருவர் தம் மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய வீடு. புதுச்சேரி பெருமாள் கோயில் தெருவில் ‘மெசோன் பெருமாள்’ தமிழர் பகுதியின் முற்றத்து வீட்டை அப்படியே காத்திருக்கிறது. புதிதாகக் கட்டியும் இதைச் செய்யலாம் என்பதற்கு மதுரைக் கோச்சடை சான்று. கொழும்பில் ஏனா டி சில்வா வீட்டை முற்றங்களைக் கொண்டே அமைத்த இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, மதுரா கோட்ஸ் நிறுவனத்தாருக்காக 1970களில் அங்கே ஒரு கிளப் கட்டினார். அதுதான் இன்றைய ‘ஹெரிடேஜ் மதுரை’.

இப்படிப்பட்ட ஒன்றில் தங்கப் போகும்போது எதைப் பார்க்க வேண்டும்? நான் முதலில் அண்ணாந்து பார்ப்பேன். கம்பிவலை இருந்தால் குற்றமில்லை. குரங்குக்கும் திருடனுக்கும் அஞ்சிச் செட்டிநாட்டு வீடுகளிலேயே கம்பி உண்டு, மழையும் காற்றும் அதன் வழியே வரும். கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ இருந்தால் முற்றத்துக்கான வாடகையை அவர்கள் கேட்கக்கூடாது. அடுத்து குனிந்து பார்ப்பேன்: தண்ணீர் எங்கே போகிறது? அங்கணம் அடைத்துக் கிடந்தால் மாலையில் கொசு பிடுங்கும், எத்தனை விளக்கு ஏற்றி அலங்கரித்தாலும் பயனில்லை. தாழ்வாரம் இரண்டு பேர் உரசாமல் நடக்கும் அகலமாவது இருக்க வேண்டும். மழை நாளில் சாப்பாட்டு மேசை அங்கேதான் ஒதுங்கும். சத்தத்தையும் கவனியுங்கள். முற்றம் ஒலியைச் சுழற்றி எல்லா அறைக்கும் அனுப்பும் இடம். இரவு பத்து மணிக்கு மேல் அங்கே பாட்டுப்பெட்டி வைக்கும் விடுதியில் யாரும் தூங்க முடியாது.

திறந்தவெளிச் சாப்பாட்டை நாம் வெளிநாட்டாரிடம் கற்கவில்லை. பௌர்ணமியில் பிள்ளைகளை முற்றத்தில் வட்டமாக உட்கார வைத்து, பிசைந்த சோற்றை உருட்டிக் கையில் கொடுக்கும் நிலாச்சோறு நம்முடையது. அதில் விதி ஒன்று பொதிந்திருக்கிறது: முற்றத்தில் சாப்பிடும் நேரம் பொழுது சாய்ந்த பிறகு. சித்திரை வெயிலில் பகல் ஒரு மணிக்கு முற்றத்தில் இலை போடுகிற விடுதிக்கு இந்த ஊர் தெரியவில்லை என்று பொருள். ஆடிக் காற்றில் இலை நிற்காது; அந்த மாதத்தில் தாழ்வாரத்துக்கு மாற்றத் தெரிந்தவர்களே நல்ல விடுதிக்காரர்கள். அடுப்பும் பக்கத்தில் இருக்க வேண்டும். விறகில் தம் போட்ட பிரியாணி அண்டாவிலிருந்து நேராக இலைக்கு வருவதும், எங்கேயோ சமைத்து மூடிபோட்டுத் தூக்கி வருவதும் ஒன்றாகாது.

திண்டுக்கல் நகரத்தில் மலைக்கோட்டையைச் சுற்றிய பழைய தெருக்களிலும், சின்னாளபட்டி, ஆத்தூர் பக்கத்து ஊர்களிலும் முற்றத்து வீடுகள் இடிபட்டு அடுக்கு வீடுகளாகின்றன. வைத்திருப்பவர்கள் விற்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். நான்கைந்து அறை போதும், ஒரு தங்கல் நடத்தலாம். சிறுமலைக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் இந்த ஊரில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தங்காமலே போகிறார்கள். அப்படி நடத்துவதானால் வானத்தை மூடாதீர்கள், பலகையில் ‘முற்றம்’ என்றே எழுதுங்கள். மூடித்தான் ஆக வேண்டும் என்றால் அதைக் கூடம் என்று எழுதுங்கள். அதுவும் நல்ல தமிழ்ச்சொல்தான், கூரை உள்ள இடத்துக்கு அதுவே சரியான பெயர்.