பென்டா ஊசிக்குள்ள ஒளிஞ்சிருக்கும் சர்க்கரை

காயல்பட்டினத்து உம்மா ஒருவர் கைக்குழந்தையோடு வந்தாங்க. "ஒண்ணரை மாசப் பிள்ளை டாக்டர். பென்டா ஊசி இப்பவே போடணுமா? ரெண்டு வயசுக்கு மேல போட்டா ஆகாதா?"

நல்ல கேள்வி மக்களே. பதில் சர்க்கரையில இருக்கு.

பென்டா தடுக்கிற அஞ்சு நோய்க்கிருமிகளில் ஒன்று ஹிப் பாக்டீரியா. சின்னப் பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும். பிழைத்த பிள்ளைகளில் சிலருக்குக் காது கேட்காமல் போய்விடும். 1931ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் மார்கரெட் பிட்மேன், இதன் ஆபத்தான வகை ஒரு உறையைப் போர்த்தியிருப்பதைக் காட்டினார். அந்த உறை சர்க்கரை மூலக்கூறுகளின் நீண்ட சங்கிலி. நம்ம டீயில போடுற சீனி இல்லீங்க, அதோட தூரத்துச் சொந்தம்.

அந்த உறையை மட்டும் பிரிச்செடுத்து 1985ல் அமெரிக்காவில் தடுப்பூசியாகக் கொண்டுவந்தாங்க. ரெண்டு வயசு தாண்டிய பிள்ளைகளுக்குத்தான் அது. ஆனா ஹிப் அதிகமா தாக்குறதே ரெண்டு வயசுக்குள்ள!

ஏன் இப்படி? எதிர்ப்பணுக்களைச் செய்வது பி செல். கைக்குழந்தையின் பி செல் வெறும் சர்க்கரையைப் பார்த்தால் சரியாக வேலை செய்யாது. அதற்கு டி செல் உதவணும். டி செல்லோ புரதத் துண்டைக் காட்டினாத்தான் திரும்பியே பார்க்கும்.

வேடிக்கை என்னன்னா, இதற்கான வழியும் அதே 1931ல், அதே ராக்ஃபெல்லரில் கிடைத்திருந்தது. ஏவரியும் கோபெலும் வேறொரு கிருமியின் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்து முயல்களுக்குச் செலுத்தினார்கள். எதிர்ப்பணு வந்தது. ஆனா கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழிச்சுத்தான் ஜான் ராபின்ஸ், ரேச்சல் ஷ்னீர்சன் போன்றவர்கள் ஹிப் சர்க்கரையோடு புரதத்தைக் கட்டினார்கள். பி செல் சர்க்கரையை விழுங்கும்போது புரதமும் உள்ளே போகும். அதை டி செல்லிடம் காட்டி உதவி வாங்கிக்கும், நினைவும் தங்கும். 1990ல் அமெரிக்கக் கைக்குழந்தைகளுக்கு இந்த ஊசி கிடைத்தது.

நமக்கு? 21 வருஷம் கழிச்சு. இந்தியாவுக்கு இது தேவையான்னு டாக்டர்களுக்குள்ளேயே பெரிய சண்டை நடந்தது. கடைசியில் 2011 டிசம்பரில் அரசுத் திட்டத்தில் முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளாவும். அதற்கு முன்னாடி காசு இருந்த வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தான் இந்தப் பாதுகாப்பு.

அந்த உம்மாவிடம் சொன்னேன்: "ரெண்டு வயசு வரைக்கும் காத்திருந்தா, ஆபத்தான காலமே முடிஞ்சுடும்மா." அன்னைக்கே முதல் ஊசி போட்டாச்சு. ராத்திரி லேசா காய்ச்சல் வரலாம், பாராசிட்டமால் அளவு எழுதிக் கொடுத்தேன். அடுத்த ரெண்டும் 10வது வாரம், 14வது வாரம். உங்க வீட்டுப் பிள்ளையின் அட்டையில் மூணும் போட்டிருக்கான்னு ஒருமுறை எடுத்துப் பாருங்க.