தோல்வியின் பழியைச் சுமந்த குடியரசு

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது நம்மவர் பழமொழி. முதல் உலக யுத்தத்தின் முடிவில், 1918 நவம்பர் 9-ஆம் தேதி ஜெர்மனியில் பிறந்த குடியரசுக்கு இப்பழமொழி முற்றும் பொருந்தும்.

யுத்தத்தை நடத்தியவர்கள் கைசர் மன்னரும் அவருடைய சேனாதிபதிகளுமே யாவர். இனித் தாமதியாது போர்நிறுத்தம் கோர வேண்டுமென்று அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் வற்புறுத்தியவர்களும் ஹிண்டன்பர்க், லூடென்டார்ப் என்னும் சேனாதிபதிகளே. ஆயினும் நவம்பர் 11-ஆம் தேதி ஜெர்மன் தரப்பில் தலைமை தாங்கிக் கையொப்பமிட நேர்ந்தவர், படைத்துறையைச் சாராத எர்ஸ்பெர்கர் என்னும் மந்திரி. மன்னரோ அதற்குள் ஹாலந்தில் அடைக்கலம் புகுந்துவிட்டார்.

புதிய ஆட்சி செய்த நன்மைகள் சிறியனவல்ல. தொழிலாளர்க்கு எட்டு மணி நேர வேலையை வகுத்தது; பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. எனினும் ஓர் உண்மையை உரைக்க அது அஞ்சிற்று. 1918 டிசம்பரில் பெர்லினுக்குத் திரும்பிய படைகளை வரவேற்ற தலைவர் ஏபெர்ட், அவர்களை எப்பகைவரும் வெல்லவில்லை என்று புகழ்ந்தார். உபசாரமாகக் கூறிய அச்சொல்லே வினையாயிற்று. பகைவர் வெல்லவில்லையெனின் தோல்வி எவ்வாறு வந்தது? படையை முதுகில் குத்திவிட்டனர் என்று மறு ஆண்டே விசாரணைக் குழுவின் முன் ஹிண்டன்பர்க் விடை பகர்ந்தார். குத்தியவர் குடியரசினரும் யூதருமே எனப் பலர் தூற்றினர். 1921-இல் எர்ஸ்பெர்கர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நிற்க, கைசரின் சர்க்கார் யுத்தச் செலவைப் பெரும்பாலும் கடன் வாங்கியே நடத்தியிருந்தது. அக்கடனும், வென்றவர் கேட்ட நஷ்டஈடும் குடியரசின் தலையில் விழுந்தன. 1923-இல் பிரான்சும் பெல்ஜியமும் ரூர் பிரதேசத்தில் படையிறக்கியபொழுது, அங்கு வேலைநிறுத்தம் செய்தோரைத் தாங்க நோட்டுகளை அச்சிட்டுத் தள்ளினர். நவம்பரில் ஓர் அமெரிக்க டாலரின் விலை 4 லட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க்கு! சேமித்து வைத்த ஏழை எளியோர் யாவும் இழந்தனர். அம்மாதமே கலகம் விளைத்த ஹிட்லருக்கு 1924-இல் ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அவர் வெளிவந்தார்.

1925-இல் மக்கள் ஹிண்டன்பர்க்கையே குடியரசுத் தலைவராகத் தேர்ந்தனர். 1933 ஜனவரி 30-ஆம் தேதி ஹிட்லரைப் பிரதம மந்திரியாக்கியவர் அவரே. குடியரசைக் காக்கும் பொறுப்பு, அதன்மீது பொய் உரைத்தவர் கையிலேயே இருந்தது.

1945 மே மாதத்தில் ஜெர்மனி மீண்டும் தோற்றது. இம்முறை பெர்லினில் சரணாகதிப் பத்திரத்தில் கையொப்பமிட்டவர் சேனாதிபதி கைட்டலே. ஆதலின் 1949-இல் மேற்கு ஜெர்மனியில் எழுந்த குடியரசின்மீது அப்பழியைச் சுமத்துதல் எளிதாக இருக்கவில்லை.

தோல்வியை ஒப்புக்கொள்வது இழிவன்று. தோற்பித்தவர் யாவர் என்பதை மக்கள் அறியாதிருப்பதே இழிவாம். உண்மையை மறைத்துப் பெறும் அமைதி நிலையாது என்பதே நமது துணிபு.