மலையகத் தமிழர் இலக்கியமும் கலையும்

நுவரெலியா மாவட்டத்தின் வலப்பனைப் பகுதியில் பழைய கண்டிச் சிங்களக் கிராமங்களும் ராகலை, உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களும் அருகருகே கிடக்கின்றன. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் வாழும் மலையகத் தமிழரில் பெரும்பாலோர், 19ஆம் நூற்றாண்டு முதல் ஆள் சேர்த்த கங்காணிமார் கடனில் கட்டித் தமிழகத்திலிருந்து அழைத்துவந்தவர்களின் வழிவந்தோர். 1904இல் ராகலைவரை சின்ன ரயில் வந்துவிட்டது. அதற்கு முன், தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் வந்தவர்களோ மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியே நடந்தார்கள். பசியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம்.

இம்மக்களின் முதல் இலக்கியம் பாட்டு: தாலாட்டு, ஒப்பாரி, கங்காணியையும் தோட்டத் துரையையும் ஏசும் தெம்மாங்கு. காமன் கூத்தும் தப்பு மேளமும் கூடவே வந்தன. அச்சுக்கு வழி திறந்தவர் கோ. நடேசய்யர். அவர் 1920களில் ‘தேசபக்தன்’ இதழை நடத்தினார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாக்கி மேடையிலேயே பாடினார்.

சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) மடகும்புரத் தோட்டத்தில் பிறந்தவர். லயத்து வாழ்வை ஆங்கிலக் கவிதையில் எழுதியவர், பிற்பாடு ‘வீடற்றவன்’ நாவலைத் தமிழில் தந்தார். தோட்டப் பாடல்களையும் தேடித் தொகுத்தார். 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் சுமார் 7 லட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கு பிரித்தது. பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. பின்வந்த மலையகக் கதைகள் பலவற்றில் இந்தப் பிரிவு ஏதாவதொரு வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’, என்.எஸ்.எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ ஆகியவை இந்தக் காலத்து முக்கிய நூல்கள். ராமையாவின் சிக்கனமான நடைக்கு ஈடாக இன்னொன்றைச் சொல்வது கடினம். தெளிவத்தை, மாத்தளை, ராகலை என்று தோட்டத்தையும் ஊரையும் பெயருக்கு முன்னால் சூடிக்கொண்ட எழுத்தாளர்கள் பலர். காணிக்கோ வீட்டுக்கோ உறுதிப் பத்திரம் இல்லாதவர்கள் மண்ணுக்கு உரிமை கோரிய விதம் அது.

இழிவாக்கப்பட்ட அடையாளத்தை எழுத்தில் மீட்கும் முயற்சி வேறு இடங்களிலும் நடந்தது. 1930களில் பாரிசில் எமே செசேர், செங்கோர் முதலியோர் கறுப்பின அடையாளத்தைப் பெருமையாக அறிவித்து ‘நெக்ரிட்யூட்’ இயக்கத்தைத் தொடங்கினர். அதையொட்டி மொரிசியசுக் கவிஞர் கால் டொராபுலி, இழிசொல்லாக இருந்த ‘கூலி’யை எடுத்து ‘கூலிட்யூட்’ என்ற கருத்தை 1990களில் முன்வைத்தார். அவர்கள் எழுதியது மூதாதையர் மொழியில் அல்ல, பிரெஞ்சில். மலையகத்தில் தமிழ் பறிபோகவில்லை, பறிபோனது பிரஜாவுரிமை. ஆகவே இங்கே எழுத்தின் வழக்கு மொழியோடு அல்ல, பதிவேட்டோடுதான்.

அண்மைக் காலத்தில் ஓவியர்களும் இதில் சேர்ந்திருக்கிறார்கள். ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் பயன்படுத்திய தேயிலைப் பைகளின் மேல் தோட்டத்து வாழ்வை வரைகிறார். ஊர் குடித்துவிட்டு எறிந்த சாயக்கறையே அவருக்கு நிறம்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியது. 1911 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘இந்தியத் தமிழர்’ எனத் தனியாக எண்ணப்பட்டவர்கள், 2024 கணக்கெடுப்பில் ‘இந்தியத் தமிழர்/மலையகத் தமிழர்’ எனப் பதிவாயினர். எழுத்தாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வழங்கிவந்த பெயர் சாய்கோட்டுக்கு அந்தப் பக்கமாவது ஏறியிருக்கிறது.