வரையும் முறை விற்பனைச் சரக்கான வரலாறு: இட் சாஃப்ட்வேர், 1990–2011

கணினி விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுவோர் வரைகலை நுட்பத்தை ஓர் இயலிலும் வணிகத்தை மற்றோர் இயலிலும் வைத்துப் பேசுவது வழக்கம். அமெரிக்க நிறுவனமான இட் சாஃப்ட்வேரைப் பொறுத்தவரை இப்பகுப்பு பொருந்துவதில்லை. அங்கு வரைகலையில் நேர்ந்த ஒவ்வொரு மாற்றமும் எதை விற்பது, எதை இலவசமாகத் தருவது என்னும் வினாவை உடன்கொண்டு வந்தது. இன்று 'எஞ்சின்' என வழங்கும் தனிச்சரக்கு அவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1990இல் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் சாஃப்ட்டிஸ்க் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் கார்மாக், திரைக் காட்சியைத் தடையின்றிப் பக்கவாட்டில் நகர்த்தும் வழியொன்றைக் கண்டார். நின்டெண்டோ கருவியில் இயல்பாக நிகழ்ந்த இந்நகர்வு, அலுவலகப் பயனுக்கென உருவான ஐபிஎம் வகைக் கணினியில் அரிதாயிருந்தது. திரை முழுவதையும் மீண்டும் வரையாமல், மாறிய கட்டங்களை மட்டும் வரைவதே அவ்வழி. அதனைக் கொண்டு மரியோ விளையாட்டின் கணினி வடிவமொன்றைச் செய்து நின்டெண்டோவுக்கு அனுப்பினர், அந்நிறுவனம் ஏற்கவில்லை. ஆயினும் அபோஜி நிறுவனத்தின் ஸ்காட் மில்லர் வேறொரு வாயிலைத் திறந்திருந்தார். விளையாட்டின் முதற்பகுதியை எவரும் படியெடுத்துப் பகிரலாம். எஞ்சிய பகுதிகளுக்கு மட்டுமே பணம். 'ஷேர்வேர்' எனப்பட்ட இம்முறையில் 1990 டிசம்பர் 14 அன்று 'கமாண்டர் கீன்' வெளிவந்தது. 1991 பிப்ரவரியில் கார்மாக், ஜான் ரொமேரோ, டாம் ஹால், ஏட்ரியன் கார்மாக் ஆகியோர் இட் சாஃப்ட்வேரை நிறுவினர்.

முப்பரிமாணக் காட்சிக்குள் நுழைந்தபோதும் இந்நிறுவனத்தின் வழி, வரையத் தேவையற்றதை விலக்குவதாகவே இருந்தது. 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி' (1992) திரையின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு கற்பனைக் கதிரை அனுப்பி, அது எத்தொலைவில் சுவரைத் தொடுகிறது என்று கணித்தது. அதனால் சுவர்கள் யாவும் ஒரே உயரத்தில், செங்கோணத்தில் அமையவேண்டியதாயிற்று. 1993 டிசம்பர் 10 அன்று வெளிவந்த 'டூம்', இடத்தை இருகூறாகத் திரும்பத் திரும்பப் பிரித்து மரவடிவில் அடுக்கிவைக்கும் முறையைக் கையாண்டது. எச்சுவர் முன், எச்சுவர் பின் என்பது விளையாட்டு தொடங்குமுன்பே முடிவாகிவிடுவதால், 386 வகைச் செயலியும் அக்காட்சியைத் தாங்கியது. இம்முறையை ஃபூக்ஸ், கெடெம், நெய்லர் ஆகிய மூவர் 1980இலேயே ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டிருந்தனர். கார்மாக்கைத் தனித்த மேதையாகவே வரையும் நூல்கள் இக்கடனைப் போதிய அளவு பேசுவதில்லை.

'டூம்' வணிகத்தில் விளைத்த மாற்றம், என் மதிப்பீட்டில், அதன் வரைகலையைவிடப் பெரிது. படங்கள், ஒலிகள், நிலவரைபடங்கள் ஆகியவை 'வாட்' என்னும் தனிக்கோப்பில் வைக்கப்பட்டன. அவற்றை இயக்கும் நிரல் தனியே நின்றது. பயனர்கள் தாமே புதிய களங்களை அமைக்க இது வழிவிட்டது. அதே பிரிவினை, நிரலை மட்டும் பிறருக்கு உரிமம் கொடுத்து விற்கவும் இடமளித்தது. ரேவன் சாஃப்ட்வேரின் 'ஹெரெட்டிக்' (1994) அவ்வாறு பிறந்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆர்வலர் குழுவொன்று இலவசமாக வெளியிட ஆயத்தப்படுத்தியிருந்த 'எவிலூஷன்' என்னும் களத்தொகுப்பை இட் நிறுவனமே விலைக்கு வாங்கி, 1996இல் 'ஃபைனல் டூம்' என்னும் பெயரில் விற்றது. காத்திருந்த ஆர்வலர் பலர் சினந்தனர். கொடையாக இருந்தது சரக்காக மாறும் எல்லைக்கோடு இங்கேதான் முதன்முதலில் கண்ணுக்குத் தெரிகிறது.

1996 ஜூனில் வந்த 'குவேக்' முழு முப்பரிமாணமுடையது. சாய்ந்த பரப்புகளைப் பிழையின்றி வரையப் படப்புள்ளிதோறும் ஒரு வகுத்தல் தேவைப்பட்டது. அது மிக மெதுவான செயல். மைக்கேல் அப்ராஷும் கார்மாக்கும் 16 புள்ளிகளுக்கு ஒருமுறை மட்டும் வகுத்து, இடைப்பட்டவற்றைத் தோராயமாக நிரப்பினர். பென்டியம் செயலி ஒரு வகுத்தலைச் செய்துகொண்டே பிற கணக்குகளையும் பார்க்கவல்லது என்பதை நம்பி எழுதப்பட்ட நிரல் இது. ஆகவே சைரிக்ஸ் செயலிகளில் 'குவேக்' தடுமாறியது. ஒரு விளையாட்டு, செயலிச் சந்தையில் ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்தக்கூடியதாயிற்று.

இந்நுண்திறன் அனைத்தும் ஓராண்டுக்குள் பழையதாயிற்று என்பது வரலாற்றின் குறும்பு எனலாம். 1997 ஜனவரியில் வந்த 'ஜிஎல்குவேக்', 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டையில் அதே காட்சியை மேலும் தெளிவாக, மேலும் விரைவாகக் காட்டியது. அந்நிறுவனத்துக்கு 'கிளைட்' என்னும் சொந்த நிரல்மொழிவு இருந்தும், கார்மாக் பொதுத்தரமான ஓப்பன்ஜிஎல்லைத் தேர்ந்ததால், 'குவேக்' இயங்கப் போதுமான சிறு ஓப்பன்ஜிஎல் இயக்கியை அது எழுத நேர்ந்தது. பிற்பாடு எஸ்டிபி நிறுவனத்தை வாங்கித் தானே அட்டை விற்கத் தொடங்கியபோது, அதுவரை அதன் சில்லுகளை வாங்கிய அட்டை நிறுவனங்கள் போட்டியாளரிடம் சென்றன. 2000 டிசம்பரில் அதன் உடைமைகளை என்விடியா வாங்க ஒப்பந்தமாயிற்று.

வால்வ் நிறுவனம் 'குவேக்' எஞ்சினை உரிமம் பெற்றுத் திருத்தி 1998இல் 'ஹாஃப்-லைஃப்' செய்தது. அதே ஆண்டில் 'அன்ரியல்' வழியாக எபிக் நிறுவனமும் எஞ்சின் சந்தையில் வலுவாகக் காலூன்றியது. இட் நிறுவனமோ பழைய எஞ்சின்களைத் திறந்துவிடும் வழக்கத்தை மேற்கொண்டது. 'டூம்' மூலநிரல் 1997 டிசம்பரிலும், 'குவேக்' மூலநிரல் 1999 டிசம்பரிலும் வெளியாயின. வருவாய் ஓய்ந்த சரக்கை ஈந்தது என்று இதனைக் குறைத்துரைப்பாரும் உளர். ஆயினும் உரிமம் விற்றுப் பொருளீட்டிய பிற நிறுவனங்களுள் பெரும்பாலானவை அவ்வளவும் செய்யவில்லை.

இவ்வழக்கம் 'டூம் 3' (2004) ஆட்டத்தில் இடர்ப்பட்டது. நிழல்களைக் கணிக்கக் கார்மாக் தாமாகவே வந்தடைந்த வழிக்கு, கிரியேட்டிவ் நிறுவனம் 1999இலேயே காப்புரிமை கோரியிருந்தது. அந்நிறுவனத்தின் ஒலிநுட்பத்தை விளையாட்டில் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டு இட் நிறுவனம் இசைவு பெற்றது. மென்பொருள் காப்புரிமையை வெளிப்படையாக எதிர்த்துவந்தவர் கார்மாக் என்பது இங்கு நினைக்கத்தக்கது. 2011 நவம்பரில் அதன் மூலநிரலை வெளியிடும் வேளை வந்தபோது, காப்புரிமைச் சிக்கலைத் தவிர்க்க, தாம் எழுதிய நிழல் நிரலின் சில வரிகளை அவரே மாற்றியெழுதினார்.