பொட்டல்புதூர் கந்தூரி: வரலாறும் உரிமையும்

மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறு நோக்கி இறங்கும் மலைச்சாலையின் வளைவுகளில், முதலில் அணையின் நீர்ப்பரப்பும் அதற்கப்பால் பொருநையாற்றுப் பாசனத்தின் பச்சையும் கண்ணுக்குப் புலனாகும். அடிவாரத்தில் கல்லிடைக்குறிச்சி, ஆற்றைக் கடந்தால் அம்பாசமுத்திரம், அங்கிருந்து தென்காசிச் சாலையில் ஆழ்வார்குறிச்சி, அதனையடுத்துப் பொட்டல்புதூர். பொட்டலில் எழுந்த புது ஊர் என்பது பெயரிலேயே உள்ளது. இன்று தென்காசி மாவட்டத்தில் அடங்கிய இச்சிற்றூருக்கு, ஆண்டுதோறும் ரபீஉல் ஆகிர் மாதத்தில் பல சமயத்தாரும் திரண்டு வருகின்றனர். முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசலின் கந்தூரியே அதற்குக் காரணம்.

சுற்றுலாக் குறிப்பேடுகள் இவ்விழாவை 'மத நல்லிணக்கத்தின் சின்னம்' என ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகின்றன. நம்மவருள் ஒரு சாராரோ 'பித்அத்' என ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். இவ்விரு முடிவுகளுக்கும் இடையில் மூன்றரை நூற்றாண்டுக் கால வரலாறு ஒன்று படிப்பாரின்றிக் கிடக்கிறது. அதனைச் சற்றே புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொட்டல்புதூரில் அடங்கியிருப்பவர் யார் எனக் கேட்பது பலருடைய வழக்கம். அங்கே அம்மகானின் உடல் அடக்கமாகவில்லை. ஷைகு முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 470ஆம் ஆண்டு காஸ்பியன் கடலோரத்து ஜீலானில் பிறந்து, பக்தாதில் கல்வி பயின்று, அங்கேயே மத்ரஸா நடத்தி, ஹிஜ்ரி 561இல் (கி.பி. 1166) மறைந்தவர்கள். அவர்களது அடக்கத்தலம் பக்தாதில் இருப்பதை உலகம் அறியும். ஆகவே பொட்டல்புதூரில் உள்ளது கபுறு அன்று, ஒரு பெயரின் நினைவு. இலங்கையில் பலாங்கொடைக்கு அருகில் உள்ள ஜெய்லானிப் பாறைத்தலமும் இத்தகையதே. நாகூருக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவாகும்.

பக்தாதில் மறைந்த ஹன்பலி மத்ஹபுச் சட்ட அறிஞர் ஒருவர், ஹன்பலிகளே ஏறத்தாழ இல்லாத தமிழகத்தில், பொதிகையடிவாரத்து நெல்வயல்களுக்கிடையே எவ்வாறு 'ஆண்டவர்' ஆனார்? வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுதான்.

பள்ளிவாசல் கட்டப்பட்ட ஆண்டாகச் சொல்லப்படுவது கி.பி. 1674. அப்போது மதுரையில் ஆட்சி செலுத்தியவர் சொக்கநாத நாயக்கர். நெல்லைச் சீமை பாளையக்காரர்களின் கையில் இருந்தது. இவ்வாண்டை அதன் முன்னும் பின்னும் உள்ள இரு செய்திகளோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். மலைக்கு மேற்கே கோழிக்கோட்டில் காழி முஹம்மது அவர்கள் 'முஹ்யித்தீன் மாலை'யை 1607இல் இயற்றினார்கள். அறபு மலையாளத்தில் காலம் தெரிந்த நூல்களுள் மிகப் பழமையானது அதுவே. மலைக்குக் கிழக்கே, இதே பொருநை கடலோடு கலக்கும் பகுதியை அடுத்த காயல்பட்டினத்தில், ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் 1632 முதல் 1703 வரை வாழ்ந்தார்கள். ஜீலானி அவர்களைப் போற்றும் 'குத்பிய்யா' என்னும் அறபுக் கவிதை அவர்கள் பெயரால் வழங்குகிறது. பொட்டல்புதூரில் கல் நாட்டப்பட்டபோது அப்பா அவர்களுக்கு வயது நாற்பத்திரண்டு.

ஆக, ஒரே நூற்றாண்டில் மேற்குக் கரையிலும் கீழ்க்கரையிலும் காதிரிய்யா தரீக்காவின் பெயரால் ஒரு பெரும் அலை எழுந்திருக்கிறது. இரு கரைகளையும் இணைப்பது ஆரியங்காவுக் கணவாய். கணவாயை இறங்கிவரும் வழி தென்காசி. தென்காசியிலிருந்து ஆற்றைப் பற்றிச் செல்லும் வழியில் பொட்டல்புதூர். கடற்கரைப் பட்டினங்களில் அறபிலும் அறபு மலையாளத்திலும் பாடப்பட்ட ஒரு திருப்பெயர் உள்நாட்டில் கல்லாக நின்ற இடமாக இதனைக் கருத இடமுண்டு என்பது என் எண்ணம். சாசனச் சான்று கிடைக்கும்வரை இதனை எண்ணம் என்ற அளவிலேயே நிறுத்துகிறேன்.

கல் எவ்வாறு நின்றது என்பதும் கவனத்திற்குரியது. பள்ளிவாசல் தமிழகக் கோயிலின் அமைப்பையே தழுவியது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பழைய பள்ளிகளின் கற்றூண்களைக் கண்டவர்களுக்கு இது வியப்பளிக்காது. மெஹர்தாத் ஷுகூஹி 2003இல் வெளியிட்ட தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை நூல், கவிகைமாடமும் வளைவும் இல்லாத இம்மரபை முறையாக விளக்குகிறது. கல்தச்சருக்குத் தெரிந்த கலை ஒன்றே. அதனைக் கொண்டே அவர்கள் இறையில்லத்தையும் எழுப்பினர். சிலை செதுக்காத தூண்கள் மட்டும் கட்டுவித்தவரின் கொள்கையைச் சொல்லும்.

இனி விழாவிற்கு வருவோம். 'கந்தூரி' என்பது பாரசீகச் சொல். உணவு பரப்பும் விரிப்பு என்பது அதன் மூலப்பொருள். விரிப்பின் பெயர் விருந்துக்கு ஆகி, விருந்தின் பெயர் விழாவுக்கு ஆயிற்று. மலாய் மொழியில் 'கெண்டுரி' என இன்றும் விருந்தையே குறிக்கும் இச்சொல், சுமத்ராவின் அச்சேயிலும் வழங்குகிறது. வங்கக் கடலைச் சுற்றியுள்ள முஸ்லிம்களுக்கெல்லாம் பொதுவான சொல் இது. நம் பாட்டிமார் ரபீஉல் ஆகிரை 'மைதீன் ஆண்டவர் கந்தூரி மாதம்' என்றும், ஜமாதுல் ஆகிரை 'நாகூர் கந்தூரி மாதம்' என்றும் கணக்கிட்டனர். நானும் என் தாயாரின் தாயாரிடம் மாதங்களை அவ்வாறே கற்றுக்கொண்டேன். மத்ரஸாவில் சேர்ந்த பின்னரே அவற்றின் அறபுப் பெயர்கள் எனக்குத் தெரியவந்தன.

கந்தூரியின் உச்சநிகழ்ச்சி சந்தனம். அது பொட்டல்புதூரில் அரைக்கப்படுவதில்லை. அண்மையிலுள்ள ரவணசமுத்திரத்திலிருந்து ஊர்வலமாக வருகிறது. ஒரு விழாவுக்கு இரண்டு ஊர்கள் பொறுப்பு. அடுத்த செய்தியே நம் ஆய்வுக்கு மையமானது. விழாவில் முதல் மரியாதை பெறும் உரிமை வழிவழியாக இந்துக் குடும்பம் ஒன்றுக்கு உரியது. தரிசிக்க வந்த விருந்தினர் என்ற முறையில் வழங்கப்படும் உபசாரமன்று அது.

தமிழ் நிலத்தில் 'மரியாதை' என்ற சொல்லின் எடையை அறியாதார் இதனை எளிதாகக் கடந்துவிடுவர். கோயில்களில் பரிவட்டமும் முதல் பிரசாதமும் யாருக்கு என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடியுள்ளனர். ஒருவருக்கு முதல் மரியாதை உண்டெனில், அவருக்கு அவ்விடத்தில் பங்குண்டு என்பது பொருள். நம் ஃபிக்ஹு நூல்களில் 'ஹக்கு' என்ற சொல் சுமக்கும் பொருளுக்கு அது மிக நெருக்கமானது. ஆகவே இங்கே இந்துக்கள் விருந்தாளிகள் அல்லர், பங்காளிகள். 'நல்லிணக்கம்' என்று இன்றைய மேடைகளில் பேசும்போது, தனித்தனியே வாழும் இரு சாரார் ஒரு நாள் கூடிக் கைகுலுக்குவது போன்ற தோற்றம் பிறக்கிறது. பொட்டல்புதூரின் முன்னோர் செய்தது அதைவிடக் கடினமான காரியம். அவர்கள் உரிமையைப் பகிர்ந்தளித்தனர்.

ஸூஸன் பெய்லி என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியை 1989இல் வெளியிட்ட தென்னிந்தியச் சமயங்கள் பற்றிய நூலில் இவ்வட்டாரம் விரிவாக ஆராயப்படுகிறது. இறைநேசர்களும் அம்மன்களும் பாளையக்காரர்களும் ஒரே புனித நிலப்பரப்பில் எவ்வாறு இயங்கினர் என்பதை அவர் காட்டுகிறார். அவ்வுறவில் இணக்கம் மட்டுமின்றிப் பூசலும் போட்டியும் கலந்திருந்ததையும் மறைக்கவில்லை. உரிமை இருக்கும் இடத்தில் வழக்கும் இருக்கும்; அது இயல்பு. நாகூரின் மிக உயர்ந்த மினாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டுவித்ததையும் இந்தக் கண்ணோட்டத்திலேயே காண வேண்டும். மன்னர் அங்கே பக்தர் மட்டுமல்லர், மரியாதையில் பங்கு கொண்டவர்.

இதே சீமையில் இன்னொரு வகை விழாவும் உண்டு. திசையன்விளைக்கு அப்பால் ஆற்றங்கரைப் பள்ளிவாசலின் கந்தூரி ஆவணி மாதத்தில் நடைபெறுகிறது. பொட்டல்புதூர் விழா பிறைக் கணக்கைப் பின்பற்றுவதால் ஆண்டுக்குப் பதினோரு நாள் முன்னகர்ந்து, ஏறத்தாழ முப்பத்துமூன்று ஆண்டில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. ஆற்றங்கரை விழாவோ ஞாயிற்றுக் கணக்கில் நிலைத்து நிற்கிறது. ஒரே மாவட்டமாக இருந்த நிலத்தில், ஒரே சமுதாயத்தின் இரு விழாக்கள் இரு காலக்கணக்குகளைப் பற்றியிருப்பதை ஆய்வாளர் எவரேனும் எடுத்து ஆராய்ந்தால் நன்று.

1920ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பொட்டல்புதூரில் ஒரு சொற்பொழிவு நிகழ்ந்தது. பேசியவர் சுப்பிரமணிய பாரதியார். மனைவி செல்லம்மாவின் ஊராகிய கடையத்தில் 1918இன் இறுதியிலிருந்து வசித்துவந்த அவர், இஸ்லாம் மார்க்கத்தின் மேன்மை பற்றி முஸ்லிம்களின் கூட்டத்தில் உரையாற்றினார். அல்லாஹ்வைப் போற்றும் அவருடைய பாடலும் அவ்வுரையோடு சேர்த்தே நினைவுகூரப்படுகிறது. அவர் அங்கே சென்றது ஏதோ தனிமனிதப் பரந்த நோக்கால் மட்டுமே என்று கொள்வது, அவரை அழைத்த ஊரை மறப்பதாகும். இருநூற்று நாற்பத்தாறு ஆண்டுகளாகப் பிற சமயத்தாருக்கு வாயிலைத் திறந்து வைத்திருந்த ஊருக்கு, ஒரு பிராமணக் கவிஞரை மேடையேற்றுவது புதுமையாகத் தோன்றியிருக்காது.

ஆயினும் ஓர் ஆலிம் என்ற முறையில் நான் நழுவிச் செல்ல முடியாத கேள்வி ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து, "ஹஸ்ரத், வரலாறு என்று சொல்லி ஷிர்க்குக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா?" என்று கேட்டார். அவர் மரியாதைக் குறைவாகக் கேட்கவில்லை. உள்ளம் நொந்து கேட்டார். எண்பதுகளுக்குப் பின் தமிழகத்தில் வலுப்பெற்ற தவ்ஹீது பிரச்சாரத்தில் வளர்ந்த தலைமுறையின் குரல் அது.

என் விடை இரு பகுதிகளாக அமைந்தது. அல்லாஹ் அல்லாதாருக்கு நேர்ச்சை செய்வதும், அவனிடம் கேட்க வேண்டியதை மகானிடம் கேட்பதும் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. முஹ்யித்தீன் என்ற திருப்பெயரை ஆயிரம் தடவை கூவியழைக்கும் வழக்கத்தைப் பற்றியும் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஒரு செயலின் மார்க்கத் தீர்ப்பு வேறு, அதனைச் செய்த மக்களின் வரலாறு வேறு. தீர்ப்பு வழங்கிவிட்டதாலேயே வரலாறு எழுதப்பட்டுவிடாது.

இரண்டாவது பகுதி அவரை வியப்பில் ஆழ்த்தியது. ஜீலானி அவர்களின் 'ஃபுதூஹுல் கைப்' என்னும் நூலின் தொடக்கமே, எந்நிலையிலும் கட்டளையை நிறைவேற்றுதல், விலக்கப்பட்டதைத் தவிர்த்தல், விதியைப் பொருந்திக்கொள்ளுதல் என்னும் மூன்றைப் பற்றியது. படைப்புகளை நாடாதே, படைத்தவனை நாடு என்பதே அந்நூல் நெடுகிலும் ஒலிக்கும் குரல். அதன் ஒரு பகுதிக்கு விளக்கவுரை எழுதியவர் இமாம் இப்னு தைமிய்யா அவர்கள்! தர்கா எதிர்ப்பாளர்கள் முன்னோடியாகக் கொள்ளும் அறிஞர், தர்காவின் நாயகரை ஆசானாகப் போற்றி உரை எழுதியிருக்கிறார். சண்டையிடும் இரு தரப்பாரும் இவ்விரு நூல்களையும் திறந்து பார்ப்பதில்லை என்பதே என் குறை.

'ஆண்டவர்' என்ற சொல்லைப் பற்றியும் சற்றுச் சொல்ல வேண்டும். அதனைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் தமிழ் வழக்கை உற்று நோக்கவில்லை. தமிழ் முஸ்லிம்கள் இறைவனை 'ஆண்டவன்' என ஒருமையில் அழைப்பர். இறைநேசரை 'ஆண்டவர்' என மரியாதைப் பன்மையில் அழைப்பர். பன்மை விகுதி மனிதருக்கே உரிய உபசாரம். ஏகனுக்கு ஒருமையே பொருந்தும் என்ற நுட்பம், இலக்கணம் பயிலாத நம் பாட்டிமாரின் நாவில் நிலைத்திருக்கிறது. குணங்குடி மஸ்தான் சாகிபு ஒருபுறம் 'முகியித்தீன் சதகம்' பாடி, மறுபுறம் 'அகத்தீசன் சதகம்' பாடியதும் நினைவுக்கு வருகிறது. அகத்தியர் உறைவதாகச் சொல்லப்படும் பொதிகையின் காலடியில்தான் பொட்டல்புதூரும் உள்ளது.

கட்டுரையை மாஞ்சோலையில் தொடங்கியதற்கு வழியழகு மட்டும் காரணமன்று. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,374 ஏக்கர் காட்டை பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. நெல்லைச் சமவெளியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் சென்ற தொழிலாளர்கள் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தனர். முச்சமயத்தாரும் அடுத்தடுத்த வரிசை வீடுகளில் வாழ்ந்தனர். தத்தம் வழிபாட்டிடங்களை எழுப்பிக்கொண்டனர். குத்தகை முடிய நான்காண்டு இருக்கையிலேயே, 2024இல் நிறுவனம் தோட்டப்பணியை நிறுத்தி, தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வு அளித்தது. தேயிலைத் தோட்டத்தை அரசே ஏற்று நடத்த வேண்டுமென்ற கோரிக்கையை அவ்வாண்டு டிசம்பரில் உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. மலை வனமாகட்டும், அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்தவர்களுக்கு அங்கே ஒரு சாண் நிலத்தில்கூட ஹக்கு இல்லாமற்போயிற்று.

அங்கும் இணக்கத்துக்குக் குறைவில்லை. உரிமைதான் எவருக்கும் எழுதப்படவில்லை. அதே சிங்கம்பட்டி ஜமீனுக்குரிய சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசையன்று ஜமீன்தார் அரச உடையில் வீற்றிருந்த மரபு, 2020இல் மறைந்த முருகதாஸ் தீர்த்தபதி அவர்களின் காலம்வரை நீடித்தது. ஜமீன்கள் ஒழிந்து பல்லாண்டுகள் கடந்த பின்னரும் மலையில் அவருடைய மரியாதை நிலைத்திருந்தது. தோட்டத்தில் உழைத்தவருக்கு அத்தகைய மரியாதை எதுவும் வகுக்கப்படவில்லை.

கேள்வி கேட்ட மாணவர் இப்போது வேறோர் ஊரில் இமாமாகப் பணியாற்றுகிறார். அவருடைய கேள்விக்குப் பின்வந்த கல்வியாண்டில் பாடத்திட்டத்திற்கு வெளியே, வியாழன்தோறும் அஸருக்குப் பின் 'ஃபுதூஹுல் கைப்' வாசிக்கத் தொடங்கினோம். அவ்வாண்டு ரபீஉல் ஆகிரில் விருப்பமுள்ள மாணவர் சிலருடன் பொட்டல்புதூர் சென்றேன். கந்தூரிக் கூட்டம் கலைந்த பின், பகலில், தூண்களைப் பார்ப்பதற்காக மட்டும். வாயிலில் பூ விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி, நெற்றியில் திருநீற்றோடு, "சந்தனம் முடிஞ்சப்புறம் வந்திருக்கீகளே, ஐயா" என்று எங்களுக்காக வருந்தினார்.