உயர் அபாய ஔஷதங்கள்: தாதியர் பயிற்சி

அளவில் நேரும் அற்பப் பிசகும் நோயாளிக்குப் பிராணாபாயமாக முடியக்கூடிய இன்சுலின், ஹெப்பாரின், மோர்பின், செறிந்த பொட்டாசியம் குளோரைடு முதலிய ஔஷதங்களைப் பிழையின்றிக் கையாளத் தாதிய மாணவருக்கு அளிக்கப்படும் பயிற்சி. உலக சுகாதார ஸ்தாபனம் மருந்துத் தீங்குகளைக் குறைக்கும் பிரயத்தனத்தை 2017இல் ஆரம்பித்த பின்னர் இது விசேஷ முக்கியத்துவம் பெற்றது.

ஒரு மில்லிலீற்றரில் 100 அலகு கொண்ட இன்சுலினில் 10 அலகென்பது 0.1 மில்லிலீற்றரே, சாதாரண ஊசிக்குழலில் 1 மில்லிலீற்றர் இழுத்துவிட்டால் பதின்மடங்கு உடலிற் சேர்ந்துவிடும். ஆதலால் இன்சுலினுக்கென அலகு குறித்த குழலையே எடுக்க வேண்டுமென்பது முதற் பாடம். பொட்டாசியத்தை ஐதாக்காமல் நாளத்தில் நேரே செலுத்தினால் இதயம் ஸ்தம்பித்துவிடும். அளவை இரு தாதியர் சரிபார்க்கையில், இரண்டாமவர் முன்னவர் விடையைப் பாராமல் தாமே கணக்கிட்டு ஒப்பிடுவதே மெய்யான சரிபார்ப்பு. அடுத்த மேசையிலிருந்து பெறும் கையொப்பம் வெறுஞ் சடங்கு.

அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் அமைந்த கல்முனை போன்ற இலங்கைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் வேறு சில விஷயங்களும் கற்பிக்கத்தக்கன. ஒரே விடுதியில் இரண்டு மூன்று பாத்திமாக்கள் இருப்பது அதிசயமன்று. எனவே பெயரோடு அனுமதி இலக்கத்தையும் ஒப்புநோக்குதல் அவசியம். றமழானில் நோன்பு பிடிக்கும் நீரிழிவு நோயாளியின் இன்சுலின் அளவையும் நேரத்தையும், விடியலுக்கு முன் உண்ணும் ஸஹர், நோன்பு துறக்கும் இப்தார் வேளைகளை உத்தேசித்து, வைத்தியரே மாற்றியமைக்க வேண்டும். குருதிச் சர்க்கரை டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழிறங்கினால் நோன்பை உடனே விடுதல் வேண்டும்.